டாக்டர் சீட்டில் ‘எம்.சி.ஐ.’ : முதியோர் நலம் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மறதியைப் பற்றியவை. கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து வந்தவற்றில் எட்டை எடுத்துக்கொண்டோம். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்தான்.

திருப்பாதிரிப்புலியூர்: அம்மாவுக்கு 71 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ‘கேஸ் புக் பண்ணியாச்சா’ என்று ஒரே நாளில் மூன்று தடவை கேட்கிறார். டாக்டர் சோதித்துவிட்டுச் சீட்டில் ‘எம்.சி.ஐ.’ என்று எழுதி, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். மாத்திரை எதுவும் தரவில்லை. இது மறதி நோயின் தொடக்கமா? மருந்தே தராமல் அனுப்பியது சரியா?

‘மைல்டு காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்’ என்பதன் சுருக்கம் அது. லேசான அறிதிறன் குறைபாடு என்று தமிழில் எழுதுகிறார்கள். வயதுக்கு உரிய மறதியைவிட ஒரு படி அதிகம், டிமென்ஷியா எனப்படும் மறதி நோயைவிட ஒரு படி குறைவு. எத்தனை தடவை மறந்தார் என்று எண்ணி இந்தக் கோட்டைப் போடுவதில்லை. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்பதை வைத்துத்தான் போடுகிறார்கள்.

அடுப்படியில் நின்று பாருங்கள், புரியும். வத்தக்குழம்பு வைக்கும்போது உப்பு போட்டோமா என்று சந்தேகம் வந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார் என்றால் அது வயது. கண் அளவிலேயே எல்லாம் போட்டுப் பழகியவர், இப்போது டப்பாக்களை முதலிலேயே வரிசையாக எடுத்து வைத்துக்கொள்கிறார், போட்டு முடித்ததை இடது பக்கம் நகர்த்துகிறார், அரை மணி நேர வேலை முக்கால் மணி நேரம் ஆகிறது, ஆனால் குழம்பு குழம்பாகவே வருகிறது என்றால் அது எம்.சி.ஐ. புளியைக் கரைத்து வைத்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்கிறார், வெறும் சட்டி காய்கிறது, இது திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் டிமென்ஷியா பக்கம் போய்விட்டது. ஒப்பிட வேண்டியது பக்கத்து வீட்டுப் பாட்டியோடு அல்ல, ஐந்து வருடத்துக்கு முந்தைய உங்கள் அம்மாவோடு.

தொடக்கமா என்றால், ஆகலாம், ஆகாமலும் போகலாம். அமெரிக்க நரம்பியல் அகாதமி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள கணக்குப்படி, 65 வயதைத் தாண்டிய எம்.சி.ஐ. உள்ளவர்கள் 100 பேரில் இரண்டு ஆண்டுகளில் டிமென்ஷியாவுக்குப் போனவர்கள் ஏறக்குறைய 15 பேர். பலர் அப்படியே நிற்கிறார்கள். சிலர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். மறதி முன்னால் நிற்கும் வகையில், டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோயின் பக்கம் போகும் வாய்ப்பு கூடுதல். நினைவு நன்றாக இருந்து, திட்டமிடுவதும் வழி கண்டுபிடிப்பதும் மட்டும் தடுமாறும் இன்னொரு வகையும் உண்டு.

மருந்து தராமல் அனுப்பியது சரிதான். ஆறு மாதமும் சும்மா இருக்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தேதி போட்டு எழுதுங்கள். ‘மறதி அதிகம்’ என்று எழுதினால் டாக்டருக்குப் பயன் இல்லை. ‘12-ஆம் தேதி: பால்காரருக்கு இரண்டு முறை பணம் கொடுத்தார், நான் சொன்னதும் நினைவு வந்தது’ என்று எழுதுங்கள். சொன்னதும் நினைவு வந்ததா, ‘நான் கொடுக்கவே இல்லை’ என்றாரா என்ற அந்தக் கடைசி வரிதான் டாக்டர் தேடுவது.

முத்தியால்பேட்டை: அப்பா ஐந்தாம் வகுப்புதான். தறியில் இருந்தவர். ஞாபகப் பரிசோதனையில் 30-க்கு 21 வாங்கினார். 26-க்குக் கீழே போனால் நோய் என்று நெட்டில் இருக்கிறதே?

உங்கள் அப்பா எழுதியது பெரும்பாலும் ‘மோகா’ எனப்படும் தேர்வாக இருக்கும். கனடாவின் மாண்ட்ரியாலில் உருவானது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 26-உம் அதற்கு மேலும் சரி என்பது நிறையப் படித்தவர்களை வைத்துப் போட்ட கோடு. 12 ஆண்டும் அதற்குக் குறைவாகவும் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கு அந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு? அதிகம் படிக்காதவர்களுக்கென்றே அதில் ‘பேசிக்’ என்று ஒரு வடிவம் உண்டு, அதைக் கேளுங்கள். 21 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் நோய்ப் பெயர் எழுதக்கூடாது.

மொத்தத்தைவிட எங்கே மதிப்பெண் போனது என்பதைப் பாருங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதில் போனால் படிப்பு காரணமாக இருக்கலாம். ஐந்து சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்கும்போது ஒன்றுகூட வரவில்லை, குறிப்பு கொடுத்தும் வரவில்லை என்றால் அதைப் படிப்பின் மேல் போட முடியாது.

கடிகாரம் வரையச் சொல்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. வட்டம் போட்டு எண்களை எழுதி, ‘பதினொன்று பத்து’ காட்டச் சொல்வார்கள். பெரிய முள் 2-இல் நிற்க வேண்டும். ஆனால் காதில் விழுந்த ‘பத்து’ கையை இழுத்துக்கொண்டு போய் 10-ஆம் எண்ணில் நிறுத்திவிடும். அந்த இழுப்பை அடக்கி, பத்து நிமிடம் என்றால் 2 என்று மாற்றிக்கொள்ளும் வேலையைச் செய்வது மூளையின் முன்பகுதி. அதைச் சோதிக்கத்தான் அந்த நேரம். வீட்டில் பழக்கிக் கூட்டிப்போகாதீர்கள். மதிப்பெண் ஏறும், விஷயம் மறையும்.

அடுத்த முறை போகும்போது கண்ணாடியும் காது மெஷினும் கையோடு இருக்கட்டும். முந்தின இரவு தூங்கவில்லை என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பதிலை எடுத்துக்கொடுக்காதீர்கள். எந்த மொழி நாக்கில் சரளமோ அந்த மொழியில் நடக்க வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கணக்கைப் பிரெஞ்சில்தான் மனசுக்குள் போடுவார்கள். அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பண்ருட்டி: அப்பாவுக்கு 68. சர்க்கரை, பிரஷர், தூக்கமின்மை என்று தினமும் ஒன்பது மாத்திரை. ஒரு வருடமாக மறதி. நேராக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

ஸ்கேன் ஒருமுறை வேண்டியிருக்கலாம். அதற்கு முன்னால் மாத்திரைப் பையைத் தரையில் கொட்டுங்கள். எம்.சி.ஐ. மாதிரியே தெரிகிற, ஆனால் சரிசெய்யக்கூடிய மறதியில் நிறைய அந்தப் பைக்குள்தான் கிடக்கிறது.

முதலில் தூக்க மாத்திரை. அல்பிரசோலம், குளோனசிபம், டயசிபம், சோல்பிடெம் எல்லாம் முதியவர்களின் நினைவை மங்கவைக்கும், நடையையும் தடுமாற வைக்கும். பல வருடம் சாப்பிட்டதைத் தடாலென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும் அளவில் வாரக்கணக்காகக் குறைத்துத்தான் வெளியே வர வேண்டும். அடுத்து, மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி, அரிப்பு மாத்திரைகள். குளோர்பெனிரமைன், பெனிரமைன் போன்ற பெயர்கள் அட்டையின் பின்பக்கம் இருக்கும். நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்சிபியூட்டினின், கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் ஆகியவையும் இந்தக் கூட்டம்தான். நினைவுக்கு வேண்டிய அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை இவை தடுக்கின்றன. தனித்தனியாக ஒவ்வொரு டாக்டர் எழுதியிருப்பார்; மூன்றும் ஒரே வயிற்றுக்குள் சேர்வதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சர்க்கரை மாத்திரையில் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு இருந்தால், சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக் குழப்பம் வரும். மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குத்தான் தடுமாறுகிறார் என்றால் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். பிரஷருக்கான நீர் மாத்திரை ரத்தத்தில் சோடியம் என்ற உப்பைக் குறைக்கக்கூடும். 135-க்கு மேல் இருக்க வேண்டியது 130-க்குக் கீழே போனால் ஆளே மாறிவிடுவார்.

சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் வாயு மாத்திரையும் வருடக்கணக்காகப் போகும்போது பி12 சத்து உடம்பில் சேர்வது குறையும். செடி கொடிகளில் பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் இருக்கிறது. வடலூர் வழியில் மரக்கறி மட்டும் உண்ணும் குடும்பங்கள் உங்கள் பக்கம் அதிகம், பாலையும் குறைத்துவிட்ட பெரியவர்கள் அங்கே உண்டு. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 200 முதல் 300 வரை சந்தேகம். ஊசியாகவோ தினம் 1,000 மைக்ரோகிராம் மாத்திரையாகவோ தருவார்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வது தவறு: ரத்தசோகை சரியானதுபோலக் காட்டிவிட்டு நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

ஆக, கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள்: ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சோடியம், கால்சியம், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஈரல். இவற்றோடு மனச்சோர்வையும் விசாரிக்கச் சொல்லுங்கள். மனைவி இறந்த பிறகோ வேலை விட்ட பிறகோ தொடங்கிய மறதியில் பாதி மனச்சோர்வாக இருக்கக்கூடும். குறட்டை நடுவில் நின்று மூச்சுத் திணறி மறுபடி தொடங்குகிறதா என்று ஓர் இரவு பக்கத்தில் படுத்துப் பாருங்கள்.

ஸ்கேன் எடுப்பது பக்கவாதத் தழும்பு, கட்டி, ரத்தக்கசிவு, மூளையில் நீர் கோர்ப்பது இவற்றைப் பார்க்க. கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நடை, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்திருந்தால் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். நீர் கோர்த்த மூளைக்கு அறுவை உண்டு. ரிப்போர்ட்டில் ‘வயதுக்கு ஏற்ற மூளைச் சுருக்கம்’ என்று இருந்தால் கலங்க வேண்டாம். எழுபதை நெருங்கியவர்களின் ரிப்போர்ட்டில் அடிக்கடி காணும் வரி அது.

நெல்லிக்குப்பம்: வல்லாரை மாத்திரை, ‘பிரெய்ன் டானிக்’, ஜிங்கோ இவை பலன் தருமா? அமெரிக்காவில் புது ஊசி வந்திருக்கிறதாமே?

வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. எம்.சி.ஐ.-க்கு மருந்து என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. ஜிங்கோ என்ற மர இலைச் சாற்றை 75 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரத்துச் சொச்சம் பேரிடம் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் சோதித்து 2008-இல் முடிவு வெளியானது: டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு பயமும் உண்டு. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரையையும் வைட்டமின் ஈ-யையும் எம்.சி.ஐ. உள்ள 769 பேரிடம் சோதித்த முடிவு 2005-இல் வந்தது. டோனெபெசில் முதல் ஓராண்டு கொஞ்சம் தள்ளிப்போட்டது. மூன்றாண்டு முடிவில் வித்தியாசம் இல்லை. வைட்டமின் ஈ ஒன்றும் செய்யவில்லை. வாந்தி, பேதி, நாடி மெதுவாவது என்று டோனெபெசிலுக்குப் பக்கவிளைவுகளும் இருக்கின்றன.

ஊசி என்பது லெகனெமாப். 2023-இல் அமெரிக்கா முழு அனுமதி தந்தது. மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பது சோதனையில் உறுதியானவர்களுக்கு மட்டும், தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். சரிவைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது, நிறுத்துவதில்லை. மூளை வீக்கமும் நுண்கசிவும் வரலாம் என்பதால் நடுநடுவே எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். அதற்காக நகையை அடகு வைக்கும் யோசனை வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

டானிக்குக்குக் கொடுக்கும் காசில் ஒரு நல்ல பிரஷர் மெஷின் வாங்குங்கள். மேல் அளவை 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு, 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட எம்.சி.ஐ. 19 சதவீதம் குறைந்ததை அமெரிக்காவின் ‘ஸ்பிரிண்ட் மைண்ட்’ ஆய்வு 2019-இல் காட்டியது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது இலக்கு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். எழுந்து நின்றதும் தலை சுற்றினால் அளவு அவருக்கு அதிகம். அடுத்தது நடை. வாரம் 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். புதுச்சேரிக்காரர்களுக்கு மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடாத கடற்கரைச் சாலை இருக்கிறது. கடலூர் தேவனாம்பட்டினக் கடற்கரையில் மணலில் நடப்பது முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது, சாலையோரமே போதும்.

லாஸ்பேட்டை: மாமனாருக்குக் காது கேட்பது குறைவு. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ‘இரைச்சலாக இருக்கிறது’ என்று பீரோவில் வைத்துவிட்டார். மறதிக்கும் காதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. காதில் சரியாக விழாதது நினைவில் எப்படிப் பதியும்? அரைகுறையாகக் கேட்ட சொல்லை நிரப்பிக்கொள்ளவே மூளையின் உழைப்பு தீர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ளவர்களிடம் மூன்றாண்டு நடத்திய ‘அச்சீவ்’ ஆய்வு 2023-இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது மெஷினால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இதயநோய் அபாயங்கள் கூடுதலாக இருந்த பிரிவினருக்கு அறிதிறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது.

மெஷின் பீரோவுக்குப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் வாரம்தான். வருடக்கணக்காக மிக்ஸி சத்தமே சரியாகக் கேட்காத காதுக்கு, முதல் நாளே கல்யாண மண்டபத்தில் மாட்டிவிட்டால் யார்தான் தாங்குவார்கள்? முதல் சில நாள் வீட்டுக்குள், ஃபேனைக் குறைத்து, ஒரே ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேச, ஒரு மணி நேரம். அப்புறம் இரண்டு. டி.வி. அதற்குப் பிறகு. சந்தையும் கோயிலும் கடைசி. மாட்டுவதற்கு முன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஈ.என்.டி. டாக்டர் பார்க்கட்டும். மாற்றும் பேட்டரி என்றால், ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் போடாமல் இரண்டு மூன்று நிமிடம் காற்றுப்பட வைத்துப் போடுங்கள்; காற்றில்தான் அது வேலை செய்ய ஆரம்பிக்கும். நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வையும் ஈரமும் மெஷினைக் கெடுக்கும். இரவில் கழற்றித் துடைத்து, சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். ‘இரைச்சல்’ தொடர்ந்தால் வாங்கிய இடத்தில் அளவை மாற்றச் சொல்லுங்கள். ஒரே முறையில் சரியாக அமைந்துவிடும் பொருள் அல்ல அது.

வில்லியனூர்: எம்.சி.ஐ. என்று சொன்ன பிறகு அப்பா ஸ்கூட்டர் ஓட்டலாமா? வீடு அவர் பெயரில். பவர் எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு சிக்கல் வராது என்கிறார் உறவினர்.

உறவினர் சொல்வது தவறு. பவர் எனப்படும் சாதாரணப் பொது அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் சட்டப்படி செல்லாமல் போகும். எந்த நாளுக்காக எழுதி வாங்குகிறீர்களோ அந்த நாளில் அது உதவாது. எம்.சி.ஐ. கட்டத்தில் முடிவெடுக்கும் திறன் பெரும்பாலும் அவரிடமே இருக்கிறது. அதனால் அவர் விருப்பத்தை அவரே எழுதிவைக்க இதுதான் நேரம். உயில் என்றால் இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். எழுதும் நாளில் தெளிவாக இருந்தார் என்று டாக்டர் சான்றிதழ் ஒன்று வாங்கி வைப்பது பின்னால் வழக்கு வந்தால் கைகொடுக்கும். வீட்டை இப்போதே எழுதிக் கொடுக்கிறார் என்றால், தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அப்போதுதான் அவருக்குத் துணை நிற்கும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் என்றால் வாரிசு விதிகள் வேறு, அது தெரிந்த வக்கீலிடம் போங்கள்.

வங்கியில் ‘இருவரில் யாராவது ஒருவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்கு, நாமினி, ஏ.டி.எம். தினசரி வரம்பைக் குறைப்பது, உங்கள் செல்லுக்கும் எஸ்.எம்.எஸ். இவற்றை அவரையும் கூட்டிப்போய் அவர் கையாலேயே செய்யுங்கள். போனில் மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு இந்த வயதினர்தான் இலக்கு. பணம் போனது தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

ஸ்கூட்டரை நோய்ப் பெயரை வைத்துப் பிடுங்காதீர்கள். ஒரு வாரம் அவருக்குத் தெரியாமல் பின்னால் இன்னொரு வண்டியில் போய்ப் பாருங்கள். இந்திரா காந்தி சிலை ரவுண்டானாவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தயங்குகிறாரா, இண்டிகேட்டரை அணைக்க மறக்கிறாரா, புதுக் கீறல் விழுந்திருக்கிறதா. இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் சாவியை வாங்கிவிடலாம். இல்லையென்றால் பகலில், தெரிந்த தெருவில், ஹெல்மெட்டோடு.

அரியாங்குப்பம்: கணவருக்கு 63. தினமும் குவார்ட்டர். மறதி அதனாலா?

அதனாலும் இருக்கலாம். மதுவால் வரும் மறதி, நிறுத்திய பின் மாதக்கணக்கில் ஓரளவு மீளக்கூடியது. ஆனால் தினமும் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். ஜிப்மரிலோ அரசுப் பொது மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் சொல்லி, தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடு நிறுத்த வேண்டும். போனில் யோசனை கேட்க அரசின் மனநல உதவி எண் ‘டெலி மானஸ்’ 14416, தமிழில் பேசுவார்கள்.

கடலூர் முதுநகர்: பாட்டிக்கு 79. எம்.சி.ஐ. என்று ஒரு வருடமாகத் தெரியும். நேற்று முன்தினம் முதல் ஆளையே தெரியவில்லை, பகலெல்லாம் தூக்கம், இரவில் உளறல். அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதா?

இந்தக் கடிதத்துக்கு அச்சில் வருவதற்கு முன்பே போனில் பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே. எம்.சி.ஐ. இரண்டு நாளில் டிமென்ஷியா ஆகாது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும் மாற்றம் ‘டெலிரியம்’ எனப்படும் திடீர்க் குழப்பம். அதற்கு வேறு காரணம் இருக்கும், அன்றே தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று (இந்த வயதில் காய்ச்சலே இல்லாமலும் வரும்), நிமோனியா, வெயில் நாளில் தண்ணீர் குறைவது, நாலைந்து நாள் மலச்சிக்கல், சோடியம் இறங்குவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் வழுக்கி விழுந்தாரா என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். தலையில் லேசாக இடித்திருந்தால்கூட மூளைக்கு மேலே ரத்தம் மெதுவாகக் கசிந்து இப்படிக் காட்டும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிதாக. வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தொங்குவது, பேச்சுக் குழறுவது இருந்தால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம், 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கணக்கு அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். அதனால் எப்போது கடைசியாகச் சரியாகப் பேசினார் என்பதைக் கிளம்பும்போதே ஒரு தாளில் எழுதி, மாத்திரைப் பையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.